மாரிக்கு முன் முதுகைத் தொட்டுப் பாருங்கள்

செட்டிபாளையத்தில் வீடு, படுவான்கரையில் பட்டி. எங்கள் பக்கத்து மாட்டுக்காரர் பலருடைய வாழ்க்கை இப்படித்தான் இரண்டு கரையில் கிடக்கிறது. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே நீளும் எழுவான்கரை ஒடுங்கிய மணல் நிலம். தென்னை நிற்கும், மிளகாய் காய்க்கும், களுதாவளைப் பக்கம் வெற்றிலை கொழிக்கும். பட்டி மாட்டுக்குப் போதுமான புல் மட்டும் இங்கே இல்லை. புல்லும் குளமும் வயல்வெளியும் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். ஆகவே மாட்டை நாளாந்தம் பார்ப்பவர் கூலிக்கு மேய்க்கும் பட்டிக்காரர். உடையவர் வாவியைக் கடப்பது கணக்கெடுக்க, குறி சுட, விற்க.

கால்நடை அபிவிருத்தி போதனாசிரியராக என் உத்தியோக காலம் இந்த இரண்டு கரைக்கும் இடையில்தான் கழிந்தது. குருக்கள்மடத்தில் படகுப்பாதை ஏறி அம்பிளாந்துறையில் இறங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவேன். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். ஐஸ் கரைந்தால் ஊசியில் இருப்பது வெறும் தண்ணீர்தான். யுத்த காலத்தில் ஐஸ் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்த ஐஸோடு நேரத்துக்குப் போய்ச் சேர்வதும் கஷ்டம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து எவ்வளவோ இலேசாகிவிட்டது. ஆனால் மாட்டை உடையவர்கள் பட்டிக்குப் போகும் வழக்கம் அந்த அளவுக்குக் கூடவில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். மாரியில் சாகும் மாட்டைக் காப்பாற்றும் காலம் கோடை.

2022 டிசம்பர் 8, 9ஆம் திகதிகளில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் எங்களைக் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனது. புயலின் கண் எங்கள் கரையைத் தொடவில்லை. மழையோடு சேர்ந்து வீசிய குளிர் வாடைதான் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு, எருமை, ஆடுகளை ஓரிரு நாளில் கொன்றது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட முதியவர்கள்கூட, காற்று மரத்தை விழுத்தாமல் மாட்டை மட்டும் விழுத்தியதை நம்ப முடியாமல் நின்றார்கள். புது நோய் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பயம். இந்த மாகாணங்களிலிருந்து இறைச்சி கொண்டுபோவதைத் தற்காலிகமாகத் தடுத்தார்கள். சோதனைகளுக்குப் பிறகு கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், இது தொற்றுநோய் அல்ல, கடுங்குளிர்தான் காரணம் என்று அறிவித்தது.

அந்த விடை சரியானது. ஆனால் மாடு வைத்திருப்பவர் அதோடு நின்றுவிடக் கூடாது. ஒரே வெளியில், ஒரே மழையில் நனைந்த மாடுகளில் சில விழுந்தன, சில எழுந்து மேயப் போயின. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அந்த நாட்களில் மிருக வைத்தியர் ஒருவர் செத்த பசுவை வெட்டிப் பார்த்தபோது பக்கத்தில் நின்றேன். பசு சினையாக இருந்தது. தீனிப்பையைத் திறந்தபோது கொஞ்சம் நார்ப்புல்லும் நிறையத் தண்ணீரும்தான் வந்தன. பிறகு அவர் குண்டிக்காயைக் காட்டினார். நல்ல மாட்டில் அதைச் சுற்றி வெள்ளையாகக் கட்டிக் கொழுப்பு இருக்கும். இந்தப் பசுவில் அந்த இடத்தில் மஞ்சளும் கலங்கலுமாக ஒரு கூழ் தளதளத்தது. இதயத்தைச் சுற்றியும் அதே கூழ். ஒரு மாடு தன் தோலுக்கடியில் உள்ள கொழுப்பைத் தின்று முடித்து, தசையைக் கரைத்து, கடைசியாக இந்த இடத்துக் கொழுப்பையும் எடுத்துச் செலவழித்தால்தான் இப்படியாகும். ஒரு இரவு மழையில் இது நடக்காது. மாதக்கணக்கான பட்டினியின் அடையாளம் அது.

மாட்டின் தீனிப்பை ஓர் அடுப்பு. உள்ளே போன புல்லையும் வைக்கோலையும் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டோடு, தோலுக்கடியில் உள்ள கொழுப்பும் காய்ந்த மயிரும் சேர்ந்துதான் 101, 102 பாகை பரனைட் உடற்சூட்டைக் காக்கின்றன. மயிர் நனைந்து தோலோடு ஒட்டினால் ஒரு காப்புப் போகிறது. காற்று வீசினால் சூடு இன்னும் வேகமாக இறங்குகிறது. கொழுப்பும் இல்லை, வயிறும் வெறுமை என்றால் மாட்டுக்குக் கைமுதல் ஒன்றும் இல்லை. முதலில் நடுங்கும். நடுக்கம் நின்றால் தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நடுங்கவும் பலமில்லாத மாடுதான் அப்படி அசையாமல் நிற்கும்.

எங்கள் மாடுகள் மார்கழியில் ஏன் அவ்வளவு மெலிந்து நிற்கின்றன என்பதை வருடக் கணக்கில் பார்த்தால் விளங்கும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலில் மாட்டை விடுகிறோம். அந்த நாட்களில் உடம்பு தேறும். ஆனியில் கச்சான் காற்று தொடங்கினால் புல் கருகும், சின்னக் குளங்கள் வெடிக்கும். உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்களைச் சேர முடியாத பட்டி தண்ணீருக்காகவே நாளில் பாதியை நடந்து தீர்க்கும். வாவித் தண்ணீர் அந்தக் காலத்தில் உப்பு. புரட்டாசி, ஐப்பசியில் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் திகதி குறித்து மாடுகளை வயற்பக்கத்திலிருந்து வெளியேற்றுவார்கள். காட்டோரத்திலும் மேட்டு நிலத்திலும் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் மழைக்கு முளைக்கும் இளம்புல் பெரும்பாலும் தண்ணீர். வயிற்றை நிரப்பும், கழியவைக்கும், உடம்பைத் தேற்றாது. ஈர நிலத்தில் குடற்புழுவும் ஈரற்புழுவும் ஏறும். இதற்கிடையில் வயிற்றில் கன்று வளரும். இவ்வளவும் கழிந்த மாட்டின் மேல்தான் வாடை வீசுகிறது.

ஆகவே ஆவணிக்குள் ஒருமுறை உடையவரே பட்டிக்குப் போக வேண்டும். தூரத்தில் நின்று பார்த்தால் போதாது. கோடை மயிர் படிந்த மாட்டைப் பார்க்கும் கண் ஏமாறும். மாட்டின் இடப்பக்கம் நின்று, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் முதுகின் மேல் உள்ளங்கையை வையுங்கள். பெருவிரல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குறுவெலும்புகளின் முனையில் படட்டும். கொஞ்சம் அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் மாடு நல்ல நிலை. தொட்டதும் ஒவ்வொரு முனையும் வட்டமாகத் தெரிந்தால் கவனிக்க வேண்டும். முனை கூராகக் குத்தினால், வால் அடியின் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தால், அந்த மாடு மாரியைத் தாங்காது. எங்கள் உள்ளூர்ப் பசு 200 கிலோ எடையைத் தாண்டுவதே அரிது. இழந்த உடம்பை அது மீளப் பிடிக்க இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஆவணியில் கண்டால் அந்த நேரம் கையில் இருக்கிறது. கார்த்திகையில் கண்டால் இல்லை.

மெலிந்தவற்றையும் சினை மாடுகளையும் பட்டியிலிருந்து பிரித்து நிறுத்துங்கள். நூறு மாட்டுக்குத் தீனி வாங்க யாராலும் முடியாது. இருபது மாட்டுக்குத் தவிடும் கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கும் உப்பும் கொடுக்கப் பலரால் முடியும். வேலிக்குக் கிளிசிரிடியாவும் இப்பில் இப்பிலும் நட்டிருந்தால் கோடையிலும் பச்சை இலை கிடைக்கும். தண்ணீர் வசதியுள்ள ஒரு துண்டு நிலத்தில் கோ 3 புல் வைத்தவர்கள் கறவை மாட்டைக் கைவிடாமல் காப்பாற்றியதைக் கண்டிருக்கிறேன்.

வைக்கோலைப் பற்றி எனக்கு ஆற்றாமை உண்டு. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோல் வயலெங்கும் சிதறிக் கிடக்கிறது. அடுத்த போகத்துக்கு இடைஞ்சல் என்று நெருப்பு வைக்கிறார்கள். பங்குனியில் எரித்துவிட்டு ஆவணியில் புல்லுக்கு அலைகிறோம். அதைக் கட்டிச் சேர்த்து மழைபடாமல் போர் வைத்தால் பாதிக் கவலை தீரும். வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு என்பது உண்மை. 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். எங்கள் வெயிலுக்கு பத்து நாளளவில் மெதுமெதுப்பாகி மஞ்சள் நிறம் ஏறும். எடுத்ததும் மூக்கில் ஏறும் வாடை போக ஆறவிட்டுப் பிறகு கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்க வேண்டாம். யூரியாக் கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் ஒருபோதும் வைக்க வேண்டாம். அதைக் குடித்த மாடு பிழைப்பது அரிது.

புரட்டாசி பிறந்தால் தடுப்பூசி. மழை தொடங்கும் காலத்தில் தொண்டை அடைப்பான் வரும். எருமைகளை அது விடுவதில்லை. காலையில் மேய்ந்த எருமை மாலையில் காய்ச்சலோடு வாயால் வீணீர் வடித்து, தொண்டை வீங்கி, மூச்சு கொரகொரவென்று இழுத்து, விடியுமுன் செத்துக் கிடக்கும். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு மூன்று வாரம் செல்லும். ஒரு மாடு விழுந்த பிறகு அலுவலகத்துக்கு ஓடி வருவதில் பயனில்லை என்று சொல்லமாட்டேன், மற்றவற்றையாவது காக்கலாம். ஆனால் அந்த முதல் எருமையைக் காப்பாற்றும் நாள் போய்விட்டது. கால்வாய் நோய்க்கும் இதே கணக்கு. 2014இல் அது நாட்டின் பல மாவட்டங்களில் பரவியபோது, பிழைத்த மாடுகளிலும் பல பழைய பாலுக்குத் திரும்பவில்லை. 2020இல் முதன்முதலாக இலங்கைக்குள் வந்த தோல் கழலை நோயை ஈயும் நுளம்பும் உண்ணியும் காவுகின்றன. உடம்பில் முடிச்சு முடிச்சாகக் கண்டால் அந்த மாட்டை வேறு பட்டிக்கு ஓட்ட வேண்டாம், விற்கவும் வேண்டாம். மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

மாரி இறங்கிய பிறகு செய்யக்கூடியவை கொஞ்சம்தான், ஆனாலும் செய்யத்தான் வேண்டும். பட்டி கட்டும் இடம் தண்ணீர் தேங்காத மேடாக இருக்கட்டும். வாடை வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் ஆளுயரத்துக்குக் கிடுகு வேலி கட்டினால் கூரை இல்லாவிட்டாலும் பாதிக் குளிர் குறையும். மழை இரவுக்கு முன் காய்ந்த வைக்கோலை வயிறு நிறையப் போடுங்கள். இரவெல்லாம் அடுப்பு எரிய வேண்டும். விழுந்த மாட்டைச் சாக்கால் தேய்த்துத் துவட்டி, உலர்ந்த வைக்கோலில் நெஞ்சு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, இரு பக்கமும் மூட்டை அண்டை கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு ஊதும். விழுங்கும் பலம் இருந்தால் மட்டும் சர்க்கரை கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீர் கொடுக்கலாம். போத்தலை வாயில் வைத்துத் தலையை வானத்துக்குத் தூக்கி ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். அந்தத் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். நோயால் சாகாத மாடு மருந்தால் சாவதை அடிக்கடி கண்டிருக்கிறேன். மூக்கு கண்ணுக்கு மேலே உயரக் கூடாது. கடைவாயின் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், இருமினால் உடனே நிறுத்த வேண்டும்.

கன்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதியில் அதிகம் சாவது அவைதான். மட்டக்களப்பு எருமைத் தயிருக்கு நாடெங்கும் பெயர். அந்தச் சட்டித் தயிரில் ஒரு பங்கு கன்றின் வாயிலிருந்து எடுத்தது. இரவில் கன்றைப் பிரித்துக் கட்டி, காலையில் ஒருதரம் கறந்துவிட்டு, மிச்சத்தைக் குடிக்க விடுவதுதான் வழக்கம். மிச்சம் இல்லாமல் கறந்தால் கன்று எலும்பாகும். ஒரு காம்பைத் தொடாமல் கன்றுக்கு விடுங்கள் என்று பட்டி பட்டியாகச் சொல்லி வந்தேன். பிறந்த கன்று ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் குடிக்க வேண்டும். தாயின் நோயெதிர்ப்பு அதில்தான் வருகிறது, அந்த நேரம் கடந்தால் குடல் அதை ஏற்பது குறைந்துவிடும். தொப்புளில் அயடின் தடவுங்கள்.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு வயதான அம்மா நாலைந்து எருமை வைத்திருந்தார். “மனே, கன்று பால் குடிக்குதுதானே, பிறகென்ன இப்பிடி வயிறு மட்டும் ஊதிக் கிடக்கு?” என்று கூப்பிட்டுக் காட்டினார். மூன்று வாரக் கன்று. மயிர் சிலிர்த்து, வயிறு பானையாகி, பின்பக்கமெல்லாம் களிமண் நிறத்தில் நாறும் கழிச்சல். பால் குடித்ததால் வந்த நோய் அது. எருமைக்கன்றின் பெருவட்டப்புழு தாயின் உடம்பில் உறங்கிக் கிடந்து, கடும்புப்பாலோடு கன்றுக்குள் இறங்குகிறது. மருந்து கொடுத்த மறுநாள் வெள்ளை வெள்ளையாகச் சாணுக்குமேல் நீளமான புழுக்கள் கும்பியாக விழுந்தன. கன்று தப்பியது. கன்று பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் ஒரே ஒரு தரம் புழு மருந்து கொடுத்தால் போதும் என்பது இலங்கை எருமைகளில் நடந்த ஆய்வுகளில் உறுதியானது. அதன் செலவு ஒரு சட்டித் தயிரின் விலைகூட வராது. அந்த அம்மாவுக்குச் சுவர்க் கலண்டரில் நாள் குறிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் கன்று எதுவும் புழுவால் போகவில்லை.

கன்று போட்டதும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது முன்னோர் வழக்கம். பால் பெருகும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. வெறுங்கையால் தொடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். மாடு மாதம் நிரம்பாமல் கன்றை எறிந்தால் அதில் புரூசெல்லா இருக்கலாம். கிழக்கு மாகாணத்தில் இருக்கும் நோய் அது. கொடியிலும் நீரிலும் கோடிக்கணக்கான கிருமி இருக்கும். தொட்டவருக்கு மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். நாகுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் தடுப்பூசி உண்டு.

குறி சுடுவதில் உடையவர்கள் மனம் இரங்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மிருகச் சட்டம் மாட்டுக் குறிக்கும் உரிமை வவுச்சருக்கும் விதி வகுத்தது, களவைத் தடுக்க அது தேவைப்பட்டது. விலா முழுதும் பெயரையும் ஊரையும் எழுதச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பெரிய எழுத்து, ஆழச் சுட்ட இரும்பு, மழைக்காலம் மூன்றும் சேர்ந்தால் புண்ணில் ஈ முட்டையிட்டு, இரண்டு நாளில் புழு தசைக்குள் துளைத்துக்கொண்டு போகும். கோடையில் சுடுங்கள், ஒரே இடத்தில் சின்னதாகச் சுடுங்கள், இரும்பை அழுத்திப் பிடிக்காமல் எடுங்கள். புழு வைத்த புண்ணுக்கு எங்கள் முதியவர்கள் அன்னமுன்னா இலையை அரைத்து அடைப்பார்கள். அதில் புழுவைக் கொல்லும் சத்து உண்மையாகவே உண்டு. வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவினால் ஈ அண்டாது. கண்ணுக்கும் மடிக்கும் பக்கத்தில் என்றால் வைத்தியரிடம் போங்கள்.

எழுவான்கரையில் வீட்டோடு மாடு வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இளம் மரவள்ளி இலையை வெட்டிய கையோடு போட வேண்டாம். அதன் நஞ்சு நிமிடக் கணக்கில் கொல்லும். பரப்பி நன்றாக வாடவிட்ட பிறகு கொஞ்சமாகக் கொடுக்கலாம். மற்றது, கறந்துவிட்டு மாட்டைத் தெருவில் விடும் பழக்கம். கட்டாக்காலியாக அலையும் மாடு குப்பை மேட்டில் பொலித்தீனைத் தின்னும். அது தீனிப்பையில் பந்தாகச் சேர்ந்துவிட்டால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அதற்குள் பெரும்பாலும் மாடு போய்விடும்.

நெடுந்தீவில் நிற்கும் மட்டக்குதிரைகளை அறிவீர்கள். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வம்சம். கடும் வறட்சியில் தண்ணீரில்லாமல் அவையும் சாகின்றன. உடையவர் இல்லாததால் அவற்றுக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பை ஊரும் அரசும் ஏற்க வேண்டியிருக்கிறது. எங்கள் மாட்டின் விலாவில் உடையவர் பெயரே எழுதியிருக்கிறது. இலங்கையில் மிருகவதைத் தடைச் சட்டம் 1907இலேயே வந்தது. அடிப்பதைச் சட்டம் தடுக்கலாம். பட்டினி கிடக்கும் மாட்டின் முதுகைத் தொட்டுப் பார்க்கும் கையை உடையவர்தான் கொண்டுபோக வேண்டும்.

உடையவரால் மட்டும் முடியாததும் ஒன்று உண்டு. அது மேய்ச்சல் தரை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தைக் காணிப் பிரச்சினை என்று மட்டும் எழுதுகிறார்கள். என் தொழிலின் கண்ணால் அது சுகாதாரப் பிரச்சினையும்கூட. பெரும்போகத்துக்கு வயலைவிட்டு வெளியேறும் மாட்டுக்கு நிற்க ஒரு புல்வெளி இருந்தால்தான் அது மார்கழி வாடையைத் தாங்கும் உடம்போடு நிற்கும். எல்லை போட்டு வர்த்தமானியில் அறிவித்த மேய்ச்சல் தரை எந்தத் தடுப்பூசிக்கும் குறைந்த மருந்தல்ல. அதைக் கேட்டுப் பெறும் வேலையில் பண்ணையாளர் சங்கங்களோடு நில்லுங்கள்.

அதுவரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். வருகிற ஆவணியில் ஒரு நாளை ஒதுக்கி வாவியைக் கடந்து போங்கள். பட்டிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் கையை வையுங்கள், அவருக்கும் தொட்டுப் பழக்குங்கள். மெலிந்ததைப் பிரியுங்கள், சினையைப் பிரியுங்கள், வடகிழக்குப் பக்கம் வேலி போட இடம் பாருங்கள். தடுப்பூசிக்கு மிருக வைத்திய அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தவிட்டு மூட்டைக்கான காசை அன்றைக்கே பட்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.